கவிழ்ந்து கிடந்த கல்: காலிக் கரையோரத்தில் மூன்று நாட்கள்

பத்தாந் தரத்தில் வரலாற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. போர்த்துக்கேயருக்கு 1505, ஒல்லாந்தருக்கு 1640, ஆங்கிலேயருக்கு 1796 எனக் கரும்பலகையில் ஆண்டுகளை வரிசையாக எழுதிக்கொண்டு போனேன். பின்வாங்கிலிருந்த ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “சேர், இவங்க எல்லாருக்கும் வந்த வருஷம் இருக்கு. நாங்க எப்ப வந்த?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அராபிய வணிகர், மாணிக்கம், கறுவா, பாவா ஆதம் மலை என்று நாம் எல்லோரும் சொல்லிப் பழகிய விடையைச் சொன்னேன். அவள் உட்கார்ந்தாள். ஆனால் அவள் கொப்பியில் ஆண்டு எழுதுவதற்கென்று விட்டிருந்த இடம் வெறுமையாகவே இருந்தது. மாணவர் திருப்தியில்லாமல் உட்கார்ந்தால் ஆசிரியர் உட்காரக் கூடாது என்று கலாசாலையில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் சொல்வார். அந்தக் கேள்வியுடன் நான் சில மாதங்கள் நின்றுகொண்டே இருந்தேன்.

ஆகஸ்ட் விடுமுறை வந்தது. மனைவிக்குச் சீட்டுப் பணம் கையில் கிடைத்திருந்தது. இளைய மகன் கடலில் குளிக்க வேண்டும் என்றான். கடல் எங்கள் ஊரிலும் இருக்கிறதே என்றால், “அது நம்மட கடல். வேற கடல் பாக்கணும்” என்றான். சகஆசிரியர் ஒருவர் உனவட்டுனவில் எட்டு அறைகள் கொண்ட ஒரு சிறிய கடற்கரை விடுதியைச் சொன்னார். தெற்கில் சுற்றுலாப் பருவம் கார்த்திகையில் தொடங்கிச் சித்திரையோடு முடிந்துவிடும். ஆகஸ்டில் தென்மேல் பருவக்காற்றுக் காலம். கடல் கொந்தளிக்கும், வெள்ளைக்காரர்கள் எங்கள் பக்கத்து அறுகம்பைக்குப் போய்விடுவார்கள். ஆகவே வாடகை பாதி. ஆசிரியச் சம்பளக்காரனுக்கு ஏற்ற பருவம் அதுதான்.

சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய என்று பஸ் மாறி மாறிப் போய், ஹம்பாந்தோட்டையில் கடலைக் கண்டோம். அங்கிருந்து தங்காலை, திக்வெல்லை, தெவுந்தர, மாத்தறை, வெலிகாமம் எனக் கடலை விட்டு விலகாத பாதை. உனவட்டுனவில் இறங்கியபோது மஃரிப் நெருங்கிவிட்டது.

விடுதி மாடியோடு கூடிய பழைய வீடு. கீழே சாப்பாட்டு விறாந்தை, அதற்கு முன்னால் இரண்டு தென்னைகள், அதற்கப்பால் மணல். உப்புக் காற்றில் யன்னல் கம்பிகள் துருவேறியிருந்தன. மின்விசிறி சுற்றும்போது ஒரு சத்தம் போட்டது, அந்தச் சத்தத்துக்கும் மூன்று நாளில் பழகிவிட்டோம். உரிமையாளர் அறுபது வயது மதிக்கத்தக்க சிங்களவர். என் அடையாள அட்டையை வாங்கிப் பெயரைப் பார்த்தார். 2019க்குப் பிறகு அந்த ஒரு கணத்தில் நம்மவர் பலருக்கும் நெஞ்சு சற்று இறுகும். அவர் நிமிர்ந்து, “மாஸ்டர் மாத்தயா, இறைச்சி நான் எடுக்கவில்லை. இன்றைக்கு மீன். சரிதானே?” என்று சிங்களத்தில் கேட்டார். அன்றிரவு கொறக்காய் போட்ட அம்புல்தியலும் சிவப்பரிசிச் சோறும் சாப்பிட்டோம்.

தொழுவதற்குத் திசை பார்க்கக் கைத்தொலைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முள் ரூமஸ்ஸல குன்றின் பக்கம் நின்றது. இலக்குமணனைக் காப்பாற்ற அனுமன் தூக்கிவந்த மூலிகை மலையின் துண்டு விழுந்த இடம் என்று ஊரார் சொல்லும் குன்று அது. “அந்தக் குன்றுக்கு அப்பால் என்ன இருக்கிறது?” என்று உரிமையாளரிடம் கேட்டேன். “காலிக் கோட்டை” என்றார். மூன்று நாளும் நாங்கள் காலிக் கோட்டை இருந்த திசையை நோக்கியே தொழுதோம்.

இரவு விறாந்தையில் பேச்சு 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26க்குப் போனது. அன்று காலை உனவட்டுன விரிகுடாவில் ஏறிய கடல் கரையிலிருந்த விடுதிகளைச் சுருட்டிக்கொண்டு போயிற்று. தன் கீழ்மாடியில் நீர் நின்ற மட்டத்தைச் சுவரில் கைவைத்துக் காட்டினார். நான் எங்கள் கரையில் புதைத்தவர்களைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் விகாரையில் தங்கியிருந்த நாட்களை அவர் சொன்னார், நாங்கள் பாடசாலையில் தங்கியிருந்த நாட்களை நான் சொன்னேன். எனக்குச் சிங்களம் குறைவு, அவருக்குத் தமிழ் இல்லை. ஆனாலும் நள்ளிரவு வரை பேசினோம்.

மறுநாள் காலை காலிக்குப் புறப்பட்டோம். பஸ்ஸில் ஐந்தாறு கிலோமீற்றர்தான்.

காலிக் கோட்டையைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய அரணை 1640இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, கல்லால் பெருப்பித்துக் கட்டினர். 1796இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. சுனாமி வந்தபோது கோட்டைக்கு வெளியே பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் மூழ்க, மதிலுக்குள் இருந்தவர்கள் தப்பினார்கள். பழைய வாயிலின் வெளிப்புறத்தில் ஆங்கிலேய முடியின் இலச்சினை. உட்புறம் திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்தக் கம்பனியின் எழுத்துக்களும் சேவலும் 1669 என்ற ஆண்டும். நுழைபவனுக்கு ஒரு வரலாறு, வெளியேறுபவனுக்கு இன்னொன்று.

இவையெல்லாம் எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் உண்டு. நான் தேடியது வேறு. உள்ளே ஒரு தெரு இருக்கிறது. இன்று அதன் பெயர் பெட்லர் வீதி. பெட்லர் என்றால் சில்லறைச் சாமான் கூவி விற்பவன். ஒல்லாந்தர் காலத்தில் அந்தத் தெருவின் பெயர் இன்னும் நீளமானது. ‘சோனகச் சில்லறை வணிகர் தெரு’ என்று பொருள்படும் பெயரை அவர்கள் இட்டிருந்தார்கள். ஆட்சி மாறி, மொழி மாறியபோது, வணிகர் பெயரில் எஞ்சினார். சோனகர் உதிர்ந்துவிட்டார். யாரும் திட்டமிட்டு அழித்ததாகத் தெரியவில்லை. பெயர்ப் பலகையில் இடம் போதாமற் போயிருக்கலாம்! ஆனால் இப்படித்தான் ஒரு சமூகம் தெருப்பெயர்களிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக வெளியேறுகிறது.

அந்தத் தெருவையும் தாண்டி வெளிச்சவீட்டுப் பக்கம் போனால் மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல். 1904இல் கட்டப்பட்டது. முகப்பைத் தூரத்திலிருந்து பார்க்கும் புதியவர் கிறிஸ்தவ ஆலயம் என்றே நினைப்பார். எதிரே 1939இல் எழுந்த வெள்ளை வெளிச்சவீடு. சற்றுத் தள்ளி, 1892இல் தொடங்கிய பஹ்ஜதுல் இப்றாஹீமிய்யா அரபுக் கல்லூரி. லுஹர் தொழுதுவிட்டுத் திண்ணையில் இருந்தபோது ஒரு முதியவர் பேச்சுக் கொடுத்தார்.

“தம்பி எந்த ஊர்?”

சொன்னேன்.

“கிழக்கா? தூரம்தான். வாப்பாட காலத்தில இந்தத் தெருவெல்லாம் எங்கட ஆக்கள். இப்ப ஊடெல்லாம் ஹோட்டலாப் போச்சு. நல்ல காசு குடுத்தாங்க. நாங்களும் வித்தோம். யாரைக் குறை சொல்ற?”

அவருடைய நேர்மை என்னைத் தொட்டது. நாம் இழந்தவை அனைத்தையும் பிறர் பறித்தார்கள் என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். அவரோ விற்றதை விற்றது என்றே சொன்னார்.

கோட்டைக்குள் ஹோட்டல் என்பது புதிய தொழிலுமல்ல. நீராவிக் கப்பல்கள் ஐரோப்பாவுக்கும் கீழைத் தேசங்களுக்கும் இடையே ஓடிய காலத்தில் காலியே இலங்கையின் முதன்மையான தரிப்பிடம். அந்தப் பயணிகளுக்காகவே 1865இல் ஓரியண்டல் ஹோட்டல் இங்கு திறக்கப்பட்டது. கப்பல் வந்து நின்றால் நம்மவர்கள் மாணிக்கப் பொட்டலங்களோடு கப்பல்தட்டிலும் ஹோட்டல் விறாந்தையிலும் நிற்பார்கள். அக்காலப் பயணிகள் எழுதிவைத்த குறிப்புகளில் ‘காலிச் சோனக வியாபாரி’ ஒரு நிரந்தரப் பாத்திரம். நல்ல கல்லும் விற்றான், கண்ணாடிக் கல்லையும் நீலமென்று விற்றான் என்று எழுதியிருக்கிறார்கள். முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டால் அது வரலாறாகாது. பின்னர் கொழும்பில் அலைதாங்கி கட்டும் வேலை 1875இல் தொடங்கி, தென்மேற்குப் பகுதி 1885இல் முடிந்தது. பாறைகளும் திறந்த அலைகளும் உள்ள காலியை விட்டுக் கப்பல்கள் கொழும்புக்குப் போயின. 1894இல் புகைவண்டி காலிக்கு வந்தபோது துறைமுகத்தின் பொற்காலம் முடிந்திருந்தது.

மதில்மேல் நடந்து துறைமுகத்தைப் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்தோம். மகன் ஐஸ்கிறீம் சாப்பிட்டான். நான் 1344ஆம் ஆண்டை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டு இப்னு பதூதா இங்கு வந்தார். மாலைத்தீவிலிருந்து புறப்பட்டவரைக் கடல் ‘பத்தாலா’வில், அதாவது புத்தளத்தில், கொண்டுசேர்த்தது. ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, பாவா ஆதம் மலைக்குப் போக வழித்துணையும் கொடுத்தான். மலையிலிருந்து இறங்கியவர் ‘தீனவர்’ என்று அவர் எழுதும் தெவுந்தரவுக்குப் போனார். அங்கிருந்த பெருங்கோயிலையும், ஆளுயரப் பொன் சிலையையும், அதன் கண்களாகப் பதித்த மாணிக்கங்களையும், ஆயிரம் அந்தணரையும், ஐந்நூறு ஆடல் மகளிரையும் பற்றி எழுதினார். அடுத்து வந்த ஊர் காலி. சிறிய ஊர் என்கிறார். அங்கே நகுதா இப்றாஹீம் என்ற முஸ்லிம் தம்மை விருந்தினராக ஏற்று உபசரித்தார் என்கிறார். பிறகு கொழும்பு, மீண்டும் புத்தளம். அவ்வளவுதான்.

காலியைப் பற்றி அந்த மாபெரும் பயணி சொன்னது ஓரிரு வரி. ஆனால் அந்த வரியில் ஒரு மனிதரின் பெயர் இருக்கிறது, தொழில் இருக்கிறது, செயலும் இருக்கிறது. நகுதா என்றால் கப்பல் தலைவன். நம் கரையோர ஊர்களில் இன்றும் வழங்கும் சொல். விருந்தினரை ஏற்று உபசரிக்க வேண்டுமானால் வீடு இருக்க வேண்டும். வீடு இருந்தால் அடுப்பு இருந்திருக்கும், குடும்பம் இருந்திருக்கும், பக்கத்து வீடும் இருந்திருக்கும். அன்று காலையில் வந்து மாலையில் போகிறவர் விருந்து வைக்க மாட்டார். காலித் துறைமுகத்தின் அடியில் தேடிய கடலடித் தொல்லியலாளர் இந்தோ–அராபிய வகைக் கல்நங்கூரங்களை எடுத்திருக்கிறார்கள். இப்னு பதூதாவின் அந்த வரிக்குக் கடலும் தன் பங்குக்குச் சான்று சொல்கிறது.

இனி அந்தக் கல்லுக்கு வருகிறேன். இந்தப் பயணத்துக்கு என்னை இழுத்தது அதுதான்.

1911ஆம் ஆண்டு காலியின் கிரிப்ஸ் வீதியில் ஒரு வடிகாலின் மேல் மூடுகல்லாகக் கிடந்த பலகைக் கல்லைப் பொறியியலாளர் ஒருவர் கண்டார். எழுத்துள்ள பக்கம் கீழே கவிழ்ந்திருந்தது. புரட்டினால் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ 1409ஆம் ஆண்டைப் பொறித்துக் கொண்டுவந்த மும்மொழிக் கல்வெட்டு அது. இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. செங் ஹோ யுனான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையை ஹாஜி என்றே அழைத்தனர். 1405இலிருந்து 1433 வரை ஏழு பெரும் கடற்பயணங்கள் அவர் பெயரில் அறியப்படுகின்றன.

கல்வெட்டின் சிறப்பு அதன் மூன்று மொழிகளும் ஒன்றின் மொழிபெயர்ப்பு மற்றொன்று அல்ல என்பதே. சீனப் பகுதி சீனப் பேரரசர் புத்தருக்கு வழங்கும் காணிக்கைகளைச் சொல்கிறது. தமிழ்ப் பகுதி தெவுந்தரவில் எழுந்தருளியிருந்த தெனாவரை நாயனாருக்கு வழங்கியவற்றைச் சொல்கிறது. பாரசீகப் பகுதி சிதைந்திருந்தாலும், அது இஸ்லாத்துக்குரிய காணிக்கை என்பது தெளிவு. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, சந்தனம், எண்ணெய் என மூன்றிலும் பட்டியல் ஏறத்தாழ ஒன்றே. தமிழ்ப் பகுதியைப் பின்னாளில் செனரத் பரணவிதான ஆராய்ந்து வெளியிட்டார்.

இதை வைத்து ‘அக்காலத்தில் எல்லோரும் ஒற்றுமையாக வாழ்ந்தார்கள்’ என்று மேடையில் பேசிவிட்டுப் போகலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கல்லைக் கொண்டுவந்த அதே கடற்படை 1411இல் இந்நாட்டு ஆட்சியாளரோடு போரிட்டு, அவரைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோயிற்று. காணிக்கைக்குப் பின்னால் படை இருந்தது. ஆனால் ஒரு பேரரசு இக்கரைக்கு வரும்போது யார் யாரை மதிக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்திருக்கிறது. அந்தக் கணக்கில் மூன்று தரப்பு இருந்தது. மூன்றுக்கும் சமபங்கு வைத்தது. அது அன்பினால் அல்ல, அறிந்ததினால். இக்கரையின் நிலைமையை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவில் கொழும்புக்கு அழைத்துப் போனபோது இக்கல்லின் முன் நின்றிருக்கிறேன். ஒரு பையன் பாரசீகப் பகுதியைக் காட்டி, “சேர், இது ஓதுற எழுத்து!” என்றான். இன்னொருவன் தமிழ்ப் பகுதியில் கண்ணை வைத்துத் தனக்குத் தெரிந்த எழுத்துக்களைத் தேடினான். அன்று அதைக் கவனித்தேனே தவிர, யோசிக்கவில்லை. காலி மதிலில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது உறைத்தது. 1409இல் இத்துறைமுகத்து முஸ்லிமுக்கென்று எழுதப்பட்ட மொழி பாரசீகம். தமிழ் பொறிக்கப்பட்டது விஷ்ணு கோயிலுக்காக. இன்றோ அந்த முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் வீட்டில் பேசுவது தமிழ். பாரசீகம் போய்விட்டது, அதன் எழுத்து மட்டும் ஓதும் எழுத்தாக நின்றுவிட்டது. கல்லின் இரண்டு பகுதிகளுக்கும் உரியவர்களாக ஆகிவிட்டோம்.

நம் அறிஞர்களிடையே நடந்த பெரிய வாதம் வாசகர்களுக்குத் தெரிந்ததே. பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் வெளியான தம் கட்டுரையில், சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால் மட்டும் வேறுபட்டவர் என்று வாதிட்டார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதை மறுத்து, அராபிய மூலத்தை வலியுறுத்தினார். அரசியல் பிரதிநிதித்துவம் தொக்கிநின்ற வாதம் அது. அஸீஸ் அன்று மறுத்திராவிட்டால் இன்று நமக்கு ஒரு தனிக்குரல் இருந்திருக்குமா என்பது ஐயமே. அந்த நன்றியை மறக்கக் கூடாது. ஆயினும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஒருவர் கல்லின் தமிழ்ப் பகுதியை மட்டும் வாசித்தார். மற்றவர் பாரசீகப் பகுதியை மட்டும் வாசித்தார். அதே காலத்தில் இக்கரையோர மத்ரசாக்களில் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. வெலிகாமத்தில் 1884இல் தொடங்கிய பாரீ மத்ரசாவை எடுத்துக்கொள்ளுங்கள். கீழக்கரை மாப்பிள்ளை ஆலிம் அவர்களோடு தொடர்புடையது அது. அவரைப் போன்றவர்கள் அரபு எழுத்தில் தமிழை எழுதினார்கள். வாதம் எதுவும் செய்யாமல் இரண்டு பகுதிகளையும் ஒரே தாளில் சேர்த்து எழுதிவிட்டார்கள். அரபுத் தமிழை நாம் எழுத்துமுறை என்று மட்டும் பார்க்கிறோம். எனக்கு அது நாம் யார் என்பதற்கான விடையாகவே படுகிறது.

மூன்றாம் நாள் அறையைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டோம். உரிமையாளர் மகனுக்கு ஒரு செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. திரும்பும் வழியில் தெவுந்தரவில் இறங்கினோம். தென்கோடி வெளிச்சவீடு, தேவாலயம், பூத்தட்டுடன் பக்தர்கள். இப்னு பதூதா கண்ட பெருங்கோயில் இன்றில்லை. 1588இல் போர்த்துக்கேயர் அதைக் கொள்ளையிட்டு எரித்தார்கள். காலியில் அவர்கள் அரணெழுப்பத் தொடங்கியதும் அந்தக் காலத்திலேதான்.

கோயிலுக்கு நேர்ந்தது 38 ஆண்டுகளுக்குப் பிறகு சோனகருக்கு நேர்ந்தது. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். நகுதா இப்றாஹீமின் ஊரிலிருந்தும் மக்கள் போயிருப்பார்கள். அவர்களுக்கு இடம் கொடுத்தவன் கண்டி மன்னன் செனரத். ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். கிழக்கில் அதற்கு முன்பே முஸ்லிம்கள் இருந்தார்கள். ஆகவே கிழக்கு முஸ்லிம்கள் எல்லோரும் அந்த 4000 பேரின் பிள்ளைகள் என்று சொல்ல முடியாது. ஆனால் என் மூத்தம்மா வயல் காணியைப் பற்றிப் பேசும்போதெல்லாம், “ராசா தந்த மண்” என்பார். எந்த ராசா என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. தெவுந்தரக் கடற்கரையில் நின்றபோது அந்தச் சொல் காதில் விழுந்தது.

பின்னர் வந்த ஒல்லாந்தர் சோனகரையும் செட்டிகளையும் வெளிநாட்டார் என்று வகுத்தனர். இங்கு வசிப்பதற்கு ஈடாக ‘ஊழியம்’ விதித்தனர். உடலால் உழைக்க வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும். நகுதா இப்றாஹீம் விருந்து வைத்து முந்நூறு ஆண்டுகள் கழிந்தபின், ஒல்லாந்திலிருந்து வந்தவன் அவர் மக்களை வெளிநாட்டான் என்று பதிவேட்டில் எழுதினான்! ‘நீங்கள் எப்போது வந்தீர்கள்’ என்ற கேள்விக்கே ஒரு வரலாறு உண்டு என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அது வரி அறவிடுவதற்காகக் கேட்கப்பட்ட கேள்வி. வரி போய்விட்டது, கேள்வி மட்டும் நின்றுவிட்டது. 2014 ஜூனில் அளுத்கமவிலும், 2017 நவம்பரில் காலிக்கு அருகே கிந்தோட்டையிலும் கல்லாகவும் தீயாகவும் வந்தது அதே கேள்விதான். கேட்டவர்களுக்கு ஒல்லாந்தப் பதிவேடு தெரிந்திருக்காது.

இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. கேள்வி பிழையானது என்றால் அதற்குப் போட்டியாக ஓர் ஆண்டைச் சொல்லி வெல்ல முயல்வதும் பிழை. ‘நாங்கள் உங்களுக்கும் முன்பே’ என்று நாம் தொடங்கினால், யாராவது இன்னும் ஆயிரம் ஆண்டு பின்னால் போய் நிற்பார்கள். அந்த ஓட்டத்துக்கு முடிவே இல்லை. இக்கரையின் வரலாற்றில் நான் கண்டது வேறு. இங்கே வந்தவர்களை யாரோ ஏற்றிருக்கிறார்கள், வெளியேற்றப்பட்டவர்களை வேறு யாரோ ஏற்றிருக்கிறார்கள். இப்னு பதூதாவைப் புத்தளம் ஏற்றது, காலி ஏற்றது. 1626இல் செனரத் மன்னன் ஏற்றான். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது அவர்களில் பெரும்பாலோருக்கு இடம் கொடுத்தது அதே புத்தளம். சுனாமிக்குப் பிறகு விகாரையும் பாடசாலையும் பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் யாரிடமும் அடையாள அட்டை கேட்கவில்லை. ஆண்டு எழுதும் பெட்டிக்குள் இவை அடங்காது. ஆனால் ஒரு மண்ணோடு ஒரு மக்களுக்கு உள்ள உறவைச் சொல்ல இவற்றைவிட உறுதியான சான்று எனக்குத் தெரியவில்லை.

பாடசாலை தொடங்கியதும் அந்த மாணவியிடம் கடன் தீர்த்தேன். 1344, 1409, 1626 என்று மூன்று ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதினேன். “இதில் எதுவும் நாம் வந்த வருஷம் இல்லை. முதலாவதில் ஒருத்தருக்குச் சோறு போட்டிருக்கிறோம். ரெண்டாவதில் கல்லில் இருக்கிறோம். மூணாவதில் விரட்டப்பட்டிருக்கிறோம், ஏற்றுக்கொள்ளப்பட்டும் இருக்கிறோம்” என்றேன். கல்லின் கதையை விரிவாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மீண்டும் எழுந்தாள்.

“அந்தக் கல்லைக் கவிழ்த்துப் போட்டது யாரு சேர்?”

“வடிகாலுக்கு மூடி தேவைப்பட்ட யாரோ. அவங்களுக்குக் கல் தேவைப்பட்டது, எழுத்து தேவைப்படல்ல” என்றேன். பிறகு எல்லோரிடமும் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் பழைய எழுத்து எது இருந்தாலும், காணி உறுதியோ கடிதமோ கைப்பிரதியோ, கிழிந்திருந்தாலும் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

ஒரு வாரத்தில் பதினொரு பேர் கொண்டுவந்தார்கள். அந்த மாணவி கொண்டுவந்தது பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு கொப்பி. அவளுடைய மூத்தும்மாவின் உம்மா எழுதியதாம். பரணில் பெட்டிக்கு அடியில், பெட்டி ஆடாமலிருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்களாம். வீட்டில் அதை வாசிக்க யாருக்கும் தெரியாது. ஓதும் எழுத்தாக இருந்ததால் எறியவும் மனம் வரவில்லை. திறந்து பார்த்தேன். அரபுத் தமிழ். மை மங்கியிருந்தது. நானும் எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். முதல் பக்கத்தில் பிள்ளைகளின் பெயர்களும் அவர்கள் பிறந்த நாட்களும். அடுத்த பக்கத்தில் வயிற்று வலிக்கு ஒரு கைமருந்து. மூன்றாம் பக்கத்தை இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறோம்.